தாடையில் கட்டி

கிராம்புத் தைல மணம் வந்தால் இன்றும் என் கை தாடைக்குப் போகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், விழுந்த கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக எலும்பில் திருகிப் பல் வைக்க, நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்து அவர் மலையாளத்தில் சொன்னார்: "தாடியெல்லினு கட்டி குறவாணு."

தாடையெலும்பில் சின்னதாய் ஒரு கட்டி. எனக்கு அப்படித்தான் கேட்டது. கேரள எல்லையோரப் பாறசாலையில் பிறந்து இரண்டு மொழியிலும் சண்டை போடத் தெரிந்தவள் நான்; ஆனால் பயத்தின் காதில் தமிழ் மட்டுமே விழுந்தது.

"பேடிக்கண்டா. இடுப்பிலெ எல்லு வச்சு கட்டி கூட்டாம்."

பயப்படாதே, இடுப்பெலும்பை வைத்துக் கட்டியைக் கூட்டலாம் என்கிறார். இருக்கிற கட்டியை எதற்கு வளர்க்கிறார்? வெளியே வந்து, மகளிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று அழுதேன்.

நர்ஸ் ஓடிவந்தாள். "எக்கா, என்னத்துக்கு கரையுதிய?"

"கட்டியாம், மக்கா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ, அது நம்ம கட்டி இல்லக்கா, மலையாளக் கட்டியாக்கும், கனம்னு அர்த்தம்! எல்லு மெலிஞ்சிருக்கு, கனம் காணாதுன்னு சார் சொன்னாரு."

நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், கனமான துணிக்கு நானே தினமும் சொல்லும் சொல்தான். நான் எந்த மொழிக்காரி என்பதை ஒரு பல் வந்து கேட்டுவிட்டது. பதில் இன்னும் குழப்பம்தான்.

"வாறேன், மக்கா" என்று கிளம்பினேன்.

"வாங்கக்கா. ஆப்ரேஷனுக்கு இடுப்பெல்லு மட்டும் போதும், பயத்த வீட்டுல வச்சிட்டு வாங்க."