குண்டத்தில் மெதுவாக நடந்த சீனிச்சாமி

மங்கலத்தில் எங்கள் பக்கத்து ஊட்டில் பழனாத்தாக்காவும் அவர் மகன் சீனிச்சாமியும் இருந்தார்கள். சீனிச்சாமிக்கு முப்பத்தைந்து வயது. நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலேயே, தைத்த துணியில் பிசிறு நூல் வெட்டுவார். யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். மிசின் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். பன்னும் டீயும் தவிர வேறு எதையும் தொடமாட்டார். "அவன் ஒரு மாதிரிங்க" என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

தொண்ணூற்று மூன்றாம் வருசம் ஆள் இளைத்துக்கொண்டே போனார். ஓயாமல் தண்ணீர் குடித்தார்.

"ஏனுங்க சீனி, போர்வெல் போட்டுத் தரட்டுங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் கருப்புசாமி கேலி பேசுவார்.

"வேண்டாமுங்க, குழாயில வருதுங்க" என்பார் இவர், சிரிக்காமல்.

மகன் உடம்பு தேற வேண்டும் என்று பழனாத்தாக்கா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். சீனிச்சாமி காப்புக் கட்டி, விரதமிருந்து குண்டம் இறங்கித் தீ மிதித்தார். மற்றவர்கள் கங்கில் ஓட்டமாக ஓடினார்கள். இவர் வாசலில் நடப்பதுபோல நடந்தார். முகம் சுளிக்கவில்லை. கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள்.

அதன்பிறகு அவரிடம் திருநீறு வாங்க ஊட்டுக்கே ஆள் வந்தது. வெந்த காலுக்கு மஞ்சளை மட்டும் அரைத்துப் போட்டார்கள். "ஆத்தா அவன் மேல நிக்கிறா. ஊசி மருந்துன்னா கோவிச்சுக்குவா" என்றார் பழனாத்தாக்கா. சீனிச்சாமி அதே காலோடு வேலைக்கும் போய் வந்தார்.

ஒரு நாள் கம்பெனியில் அவர் பக்கத்தில் உட்கார முடியாத வாடை. நான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் கறுத்துக் குழி விழுந்திருந்தது. குழிக்குள் புழு நெளிந்தது.

"கண்ணு, வலிக்கலியா?"

"இல்லீங்க."

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா காலில் ஊசியால் குத்தினார். சீனிச்சாமி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை முத்திப் போச்சு. காலுல உணர்ச்சியே இல்லை. சர்க்கரையாலதான் அப்படித் தண்ணி குடிச்சிருக்கார். இவருக்கு இருக்கறது ஆட்டிசம்னு ஒரு பிறவிக் குறைபாடு. உடம்புக்கு ஏதாவதுன்னா தானா வந்து சொல்லத் தெரியாது. பாதத்தை எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

பழனாத்தாக்கா மகன் காலைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா குண்டத்துல நடந்த காலுங்க. அதையா எடுக்கோணும்?"

"அதையேதானுங்க அம்மா."

எடுத்துவிட்டார்கள். மறுநாள் சீனிச்சாமி கண் விழித்தார். கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தைக் கையால் காட்டினார்.

"அங்க வலிக்குதுங்க" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டதேயில்லை. பழனாத்தாக்கா குனிந்து, அந்த வெறும் மெத்தையைத் தடவிக் கொடுத்துக்கொண்டேயிருந்தார்.