உண்ணிக் காய்ச்சலைத் தேடிப் போன வருஷம்

ரத்தம் எடுக்கிற தொழிலில் இருப்பவரை எந்த வீட்டிலும் வாய் நிறைய "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். நான் லேப் டெக்னீஷியன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவரைக்கும் நோயாளிகள் என்னைத் தேடி வந்தார்கள். புதுச்சேரியில் ஒரு சர்வேயில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு, நான் அவர்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

நாய், மாடு, ஆட்டின் மேல் ஒட்டியிருக்கிற உண்ணி கடித்து மனுஷருக்குக் காய்ச்சல் வரும். எங்கள் பக்கத்தில் அது எத்தனை பேருக்கு வந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வந்து போனது பலருக்குத் தெரிந்தே இருக்காது, ஆனால் ரத்தத்தில் அதன் தடம் இருக்கும். நான் ஊசி குத்துவேன். கூட வந்த சலீம் அண்ணன் விவரம் எழுதிக்கொள்வார், வண்டி ஓட்டுவார், நாய் குரைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பார். ஓட்டர் லிஸ்ட், குடும்பக் கணக்கு என்று ஏதாவது ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் படியேறியவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள் அடுத்த முறை கதவைச் சாத்துவதற்கு முன் கொஞ்சம் யோசித்தால் போதும்.

பட்டியலில் இல்லாத வீடு

மூலக்குளத்தில் ஒரு தெரு. எந்த வீட்டில் ரத்தம் எடுப்பது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கின மாதிரி எடுத்துக் கொடுத்துவிடும். நாங்களாக மாற்றக் கூடாது. அன்றைக்குச் சீட்டு விழுந்தது ஒரு மாடி வீட்டுக்கு. அந்த அம்மா கிரில் கதவைத் திறக்காமலே பேசினார். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல. எதுக்கு ரத்தம்?" ஒண்ணுமில்லாதவர்கள் ரத்தமும் வேண்டும் என்று சலீம் அண்ணன் பொறுமையாகச் சொன்னார். அரை மணி நேரம் கெஞ்சியிருப்போம்.

அடுத்த வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். அவள் புருஷன் பெயின்ட் அடிக்கிறவர், மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம், அவருக்கு எடுங்கள் என்றாள். அந்த வீடு பட்டியலில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் காய்ச்சல் ஓ.பி.யில் காட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டாள், படிக்கவில்லை. மாடி வீட்டு அம்மா கடைசியில் மனம் இரங்கிக் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "காய்ச்சல் இல்லாத வூட்ல கெஞ்சுறீங்க, காய்ச்சல் இருக்கற வூட்டத் தாண்டிப் போறீங்க, நல்லா இருக்கு உங்க கவர்மெண்டு."

மாட்டு டாக்டர் வந்தார்

வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம். அம்சா அக்காவுக்கு இரண்டு கறவை மாடு. காலையில் நூறுநாள் வேலை, சாயங்காலம் பால் ஊற்றுவது. நாங்கள் போனபோது மாட்டின் காதுமடலில் இருந்து உண்ணியைப் பிடுங்கிக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். நகமெல்லாம் ரத்தம்.

"அக்கா, கையால நசுக்காதீங்க. அந்த ரத்தம் பட்டாலே சீக்கு வரலாம்" என்றேன். அவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானாம். கேள்வி கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. போன வருஷம் இருபது நாள் படுத்த படுக்கை, தலை பிளக்கிற வலி, எழுந்து நடக்க இரண்டு மாதம். டைபாய்டு என்றார்களாம், அப்புறம் மலேரியா என்றார்களாம், கடைசியில் அதுவாகவே விட்டதாம். அதைச் சொல்லும்போதுகூட மாட்டின் காதை விடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். நான் ரப்பர் பட்டையைக் கட்டினேன். ட்யூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாட்டுக்குன்னா டாக்டர் ஊசி போட வராரு, எனக்குன்னு நீ ஒருத்திதான் வந்துருக்க, அதுவும் எடுத்துட்டுப் போவத்தான்."

சொல்தா வீட்டு நாய்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். டவுனில் அப்படி ஒரு பெரியவர் வீடு. "அந்த்ரே, அந்த்ரே" என்று பிரெஞ்சில் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக எங்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அவர் காலடியில் ஒரு கிழட்டு நாய், கழுத்துப் பட்டைக்குக் கீழே உளுந்து கொட்டினதுபோல் உண்ணி.

எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன். நாய் உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடச் சிவப்புப் புள்ளி போடும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். சலீம் அண்ணன் புள்ளி போட்ட கையின் படம் ஒட்டிய அட்டையைக் காட்டினார். பெரியவர் அட்டையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் பத்து நாள் காய்ச்சலில் இறந்துபோனவர். விஷக் காய்ச்சல் என்றார்களாம். நாய் அந்த அம்மாவுடையது, கட்டிலில் கால்மாட்டில்தான் படுத்துக்கொள்ளுமாம். "கையில இப்படித்தான் இருந்துது" என்றார். இது வேறு எந்தக் காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவர் மறுக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டு ரத்தம் கொடுத்தார். வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாத்திரையில சரியாயிடும்னு மட்டும் நீங்க சொல்லாம போயிருக்கலாம், மதாம்."

சலீம் அண்ணன் கை

மழை முடிந்து நோணாங்குப்பம் பக்கம் வேலை. புதரும் புல்லுமாக இருந்த இடங்களில் சுற்றினோம். அடுத்த வாரம் சலீம் அண்ணன் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார், இரண்டு நாளில் வந்துவிடுவதாகப் போனில் சொன்னார். நானும் டெங்கு சீசன்தானே என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது. உண்ணி தேடி அலைகிறவருக்குக் காய்ச்சல் என்றால் வேறு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையே!

ஐந்தாம் நாள் அவர் மனைவி ஷாகிதா அண்ணி போன் செய்தார். "மலரு, ஆளே சரியில்லமா. என்னைய யாருன்னு கேக்கறாரு." ஒரு சின்ன கிளினிக்கில் சேர்த்து டெங்கு என்று டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது பிதற்றிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளி. போர்வையை விலக்கினேன், உள்ளங்காலிலும் இருந்தது.

அங்கிருந்த டாக்டரிடம் ஓடினேன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. அண்ணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா கையைப் பார்த்ததுமே, டெஸ்டுக்குக்கூட எழுதாமல் நேராக மருந்தை ஆரம்பித்தார். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற மருந்துதான். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அண்ணி தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுதார்.

உயிர் திரும்பி வந்தது, இடது காது கேட்பது மட்டும் திரும்பவில்லை. ஃபீல்டு வேலை இனி வேண்டாம் என்று ஆபீசில் உட்கார்ந்து விவரம் ஏற்றுகிற வேலை கொடுத்தார்கள். பார்க்கப் போனபோது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊரு பூரா அந்தப் படத்தக் காட்டினேன் மலரு, என் கையை நான் பாக்கல பாரு."

கூட்டம்

வருஷக் கடைசியில் முடிவுகளைச் சொல்லக் கூட்டம் போட்டார்கள். ஏ.சி. அறை, முந்திரி பிஸ்கட். எங்கள் சர்வேக்குத் தலைமையாக இருந்த டாக்டர், நினைத்ததைவிட நிறையப் பேர் ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலின் தடம் இருக்கிறது, மாடு வைத்திருப்பவர்களிடம் இன்னும் அதிகம், பலருக்கு வந்ததே தெரியாமல் போயிருக்கிறது என்று விளக்கினார். காய்ச்சல் என்று வருகிறவர்களுக்கு இந்த டெஸ்டையும் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு ஒவ்வொரு ட்யூபுக்குப் பின்னாலும் ஒரு வாசற்படி ஞாபகம் வந்தது.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த சுகாதாரத் துறை அதிகாரி தன் முன்னால் இருந்த காய்ச்சல் ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். உண்ணிக் காய்ச்சல் என்ற கட்டத்தில் எல்லா மாதமும் பூஜ்யம், சலீம் அண்ணன் படுத்த மாதம்கூட. அந்த டெஸ்டை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் யாருக்கும் வரவில்லை. டாக்டர் அதையும் எடுத்துச் சொன்னார். அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரை மூடிவிட்டு, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "எல்லாம் சரிங்க டாக்டர், இவ்ளோ பேருக்கு வந்திருந்தா நம்ம ரிஜிஸ்டர்ல ஒண்ணாச்சும் இருந்திருக்கணுமே?"

ஆகவே, எங்கள் ஊரில் உண்ணிக் காய்ச்சல் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டால், தேடின வருஷம் தெருவுக்குத் தெரு இருந்தது, தேடாத வருஷங்களில் அறவே கிடையாது என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.