இறங்கி உருட்டவும்

"அந்தப் பொண்ணு இருந்தா பரவாயில்லீங்க, சும்மா பேசுங்க. அது வாயைத் திறக்காது."

பேரூராட்சித் தலைவர் பக்கத்து அறையில் யாரிடமோ சொன்னது. கதவு திறந்திருந்ததால் என் காதிலும் விழுந்தது. டைப்பிஸ்ட் உட்கார்ந்திருக்கும் இடத்தில் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. மெஷினுக்குக் காது இல்லை, அதைத் தட்டுகிறவளுக்கும் இருக்காது என்று நினைப்பு. தற்காலிக வேலையில் இருந்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பி.ஏ. முடித்து, இரண்டு கையாலும் டைப் அடிக்கக் கற்று, மாதாமாதம் நீட்டிக்கப்படும் ஓர் ஆர்டரை நம்பி ஒரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம்தான் எங்கள் ஊரில் சைக்கிள் விழா நடந்தது.

பெயர், தகப்பனார் பெயர், தெரு

விழாவின் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. படிவத்தில் வயது கேட்டால் சிரிப்பார்கள். தெரு கேட்டால்தான் முகம் மாறும். மேலத்தெருக்காரர்கள் உரக்கச் சொல்வார்கள். கடைத்தெருக்காரர்கள் கடையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள், "அதான் தெரியுமே, எழுதிக்குங்க" என்பார்கள்.

மாரிமுத்து மட்டும் காலனி என்று தெளிவாகச் சொன்னார். முப்பது வயதிருக்கும். மேலத்தெரு மிராசுதாரின் வயலில் வேலை பார்த்தவர். குறுவை அறுப்பில் கூலி உயர்த்திக் கேட்டவர்களில் ஒருவர். அதிலிருந்து வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுக்கிறார்கள், உள்ளூரில் இவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஒரத்தநாட்டு ரைஸ் மில்லில் இடம் இருக்கிறதாம். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். முதல் பரிசு ஒரு புது சைக்கிள்.

"மத்தவங்களுக்கு இது வெளையாட்டு, டைப்பிஸ்டம்மா. எனக்கு இது வேலைக்குப் போற வண்டி."

சமத்துவம்

ஊரில் தார் போட்ட நீளமான தெரு மேலத்தெரு ஒன்றுதான். பந்தயம் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காலனிக்காரர்கள் சைக்கிளில் வந்தால் தெரு தொடங்கும் இடத்தில், தேர் நிற்கும் தேர்முட்டியில் இறங்கி, கடைசிவரை உருட்டிக்கொண்டு போய், பிள்ளையார் கோவில் தாண்டித்தான் ஏற வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மறந்ததும் இல்லை.

மிராசுதார் தலைவரைப் பார்க்க வந்தார். "பந்தயம் நடத்துங்க, நான் வேணாங்கல. எங்க வாசல்ல யாரு ஏறிட்டு வருவா, யாரு இறங்கி வருவாங்கிறதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க" என்றார். தலைவர் கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு முறை நடந்தார். மேடை ஏறினால் சாதி ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர். எலெக்ஷனுக்கு மிராசுதார் வீட்டு ஜீப்பில் போகிறவரும் அவர்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, விதிகளின் அடியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். தேர்முட்டி முதல் பிள்ளையார் கோவில் வரை போட்டியாளர்கள் அனைவரும் இறங்கி உருட்டிச் செல்ல வேண்டும், மீறுகிறவர்களுக்குப் பரிசு கிடையாது. சைக்கிள் விழாவில் இப்படி ஒரு விதியா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன்போல இருக்கிறது.

"என்னம்மா பாக்குற? எல்லாரையும் ஒண்ணா இறக்கிவிட்டேன். இதைவிடச் சமத்துவம் எங்க இருக்கு?"

தேர்முட்டியில் ஒரு ஸ்டூல்

இறங்காதவர்களின் நம்பரைக் குறிக்க ஆள் வேண்டும். மேலத்தெருவைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. அதனால் நான். தேர்முட்டியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கையில் அட்டை, தாள், அடியில் கார்பன். ஆபீசில் எதையும் ஒற்றைப் பிரதியாக எழுதிப் பழக்கமில்லை. பக்கத்தில் ரஹீம் பாய் நின்றார். வாடகை சைக்கிள் கடைக்காரர். மாரிமுத்து ஓட்டிவருவது அவருடைய வண்டி.

முதலில் வந்தது நாலாம் நம்பர், மிராசுதாரின் தங்கை மகன். கல்லூரி மாணவன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே தெருவுக்குள் போனான். இரண்டாவதாக, ஒரு கை தூரத்தில், மாரிமுத்து. தேர்முட்டி வந்ததும் குதித்து இறங்கினார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் முதல் ஆள் போனதைப் பார்த்திருந்தார்கள், ஒருவரும் இறங்கவில்லை. மாரிமுத்து பிள்ளையார் கோவிலை அடைவதற்குள் ஏழு பேர் அவரைத் தாண்டிவிட்டார்கள். அத்தனை நம்பரையும் எழுதினேன். ரஹீம் பாய் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"பாவி மனுசன், ஏம்மா இறங்குனான்? நீங்க அடிச்ச விதிக்கா, இல்ல கால் தானா இறங்கிடுச்சா?"

ஆறுதல் பரிசு

மேடைக்குப் பின்னால் தாளைத் தலைவரிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புது சைக்கிளை நாலாம் நம்பர் வாங்கிக்கொண்டான். ஏறி ஒரு சுற்றுக்கூட வரவில்லை. அவன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. மாரிமுத்துவுக்கு ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைத் தலைவர் கவனித்தார்.

"வெயில்ல எல்லாருக்கும் மறந்துபோச்சும்மா. இதையெல்லாம் பெருசு பண்ணினா ஊர்ல விழா நடக்குமா?"

நகல்

அன்றைக்கே மூன்று மணிக்கு மாரிமுத்து ஆபீசுக்கு வந்தார். வாடகை சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, என் மேசைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க எழுதுனதைப் பார்த்தேன். அதுல என் நம்பர் இல்லதானே?"

"இல்லை."

"அடியில கார்பன் இருந்துச்சு. அந்த நகலைக் குடுங்க. கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. மனு நாளு அன்னைக்குக் கலெக்டர் கையில குடுத்துடுறேன்."

நகலை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவையும் திறந்தேன். பக்கத்து அறையில் தலைவர் தொண்டையைச் செருமினார். என்னுடைய அடுத்த மாத ஆர்டர் அவருடைய மேசையில், கையெழுத்துக்காகக் கிடந்தது. அப்பாவுக்கு அந்த வருஷம் வேலை இல்லை.  பேனாவை மூடியைப் போட்டு மூடினேன்.

மாரிமுத்து அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"வெச்சுக்குங்க, டைப்பிஸ்டம்மா. உங்களுக்கும் வயிறு இருக்குல்ல."

ரஹீம் பாய் கடை மேலத்தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறது. வண்டியை அங்கே விட வேண்டும். ஆபீஸ் ஜன்னலில் நின்றால் தேர்முட்டியும் மேலத்தெருவும் தெரியும், அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மிராசுதார் வாசலில் நாற்காலி போட்டு, பந்தயம் பார்க்க வந்த விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். மாரிமுத்து கிண்ணத்தைக் கேரியரில் வைத்து, ஏறி, தேர்முட்டி வரை மிதித்தார். அங்கே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பிறகு காலை எடுத்து பெடலில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே தெருவுக்குள் போனார்.