பன்னிரண்டு சீட் வேனில் ஒரு குடித்தனம்

போன வாரம் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மகள் ரிஸ்வானா போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். "சாச்சி, இதைப் பாருங்களேன். என்னா லைஃப் பாருங்க!"

பார்த்தேன். ஒரு வெள்ளை வேன். பின்கதவு திறந்திருக்கிறது, எதிரே கடல். உள்ளே மெத்தை, மெத்தையில் வெள்ளை விரிப்பு. ஒரு பையன் காப்பி ஊற்றுகிறான், ஒரு பெண் போர்வைக்குள் இருந்து கையை மட்டும் நீட்டி வாங்குகிறாள். வீட்டைக் காலி பண்ணிவிட்டு ஊர் ஊராக வண்டியிலேயே வாழ்கிறார்களாம். முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த இரண்டு பேரும் ஒருதடவைகூடக் கக்கூஸ் தேடவில்லை. ஒருதடவைகூடச் சண்டை போடவில்லை. துவைத்த ஜட்டி எங்கே காயப் போடுகிறார்கள் என்பதை அந்த வீடியோவில் காட்டவே இல்லை. வெள்ளை விரிப்பாம். வண்டியில் வாழ்கிற எவளாவது வெள்ளை விரிப்பு விரிப்பாளா?

"பொய்யிடி," என்றேன்.

"போங்க சாச்சி, உங்களுக்கு எதுதான் புடிக்கும்," என்று அவள் போய்விட்டாள். உண்மைதான், எனக்கு எதுவும் சுலபத்தில் பிடிக்காது. ஆனால் இந்த விஷயத்தில் நான் பேசலாம். இவள் தொட்டிலில் கிடந்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் முழுசாக நாலு வருஷம் ஒரு வேனில் குடித்தனம் நடத்தியவர்கள்.

சுனாமி வந்த வருஷம் நாங்கள் போர்ட்பிளேர் பத்துபஸ்தியில் மாமனார் கட்டிய மாடிவீட்டில் இருந்தோம். கடல் அங்கே வரவில்லை. பூமிதான் ஆடியது. ஞாயிற்றுக்கிழமை காலை, டீ குடிக்கிற நேரம். சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் விழுந்தது, அவ்வளவுதான். அக்கம்பக்கம் எல்லாரும் தெருவில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் சாகுல் மட்டும் வாசலில் கால் மடங்கி, சாக்குமூட்டை மாதிரி மண்ணில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தவர் அதன்பிறகு அந்த வீட்டுக்குள் போகவில்லை. இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கால் மடங்கியதை நடித்துக்கூடக் காட்டுவேன்.

முதலில் இரண்டு மாதம் ஊரே வெளியில்தான் படுத்தது. நில அதிர்வு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். இவர் போகவில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகிற பன்னிரண்டு சீட் வேன் ஒன்று வைத்திருந்தார். அந்த வருஷம் எந்தச் சுற்றுலாக்காரன் வருவான்? சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, படாக் மரப் பலகையில் ஒரு கட்டில் அடித்தார். கட்டிலுக்கு அடியில் மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம், இரண்டு டிரங்குப் பெட்டி. ஜன்னலுக்கு என் பழைய சேலையில் திரை.

"இதுல எத்தனை நாளைக்கு மச்சான்?" என்று கேட்டேன். எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவது.

"ஃபாரின்ல எல்லாம் இப்புடித்தான் புள்ள வாழுறாங்க. சுதந்திரம்!"

சுதந்திரம். பயம் என்ற சொல்லை வாயில் வைக்கக் கூசுகிற ஆண்பிள்ளைகளுக்கு என்னென்ன சொற்கள் கைகொடுக்கின்றன பாருங்கள். கூரைக்கும் பயம், கடலுக்கும் பயம். தீவில் இருக்கிற ஆளுக்கு இது இரண்டும் போனால் மிச்சம் என்ன? ரோடுதான். அவருடைய அண்ணனுக்கு போர்ட்பிளேரில் துணிக்கடை. அங்கிருந்து நைட்டி, லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் என்று விற்றுக்கொண்டே போவோம். திக்லிபூர் தாண்டினால் ரோடு முடிந்துவிடும். திரும்பி வரவேண்டியதுதான். வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பவேண்டியதுதான். ஒரே ஒரு ரோட்டில் நாலு வருஷம் மேலும் கீழும் போய்வந்ததற்குப் பெயர் சுதந்திரம்.

சரக்கைத் தொங்கவிட வண்டிக்குள் குறுக்கே கயிறு கட்டியிருந்தார். படுத்தால் முகத்துக்கு நேரே நைட்டிகள். இடுப்பும் கழுத்தும் இல்லாத முப்பது பெண்கள் மேலே நின்று நம்மைக் குனிந்து பார்ப்பதுபோல இருக்கும். எங்கள் தீவில் வருஷத்தில் பாதி மழை. துணி நமுத்துப்போய் ஒரு வாடை வரும். அதோடு மண்ணெண்ணெய், கருவாடு, அவருடைய தலையெண்ணெய். அந்தக் கலவையை இன்றைக்கு யாராவது குப்பியில் அடைத்துக் கொடுத்தால் மூடியைத் திறக்காமலேயே சொல்லிவிடுவேன். ஒருநாள் தலையணையைத் தூக்கினால் சாண் நீளத்துக்கு ஒரு பூரான். நான் அலறியதில் அவர் வண்டியை விட்டே குதித்துவிட்டார். பூரானை அடித்தது நான். அதையும் ஊரெல்லாம் சொன்னேன்.

பெண்பிள்ளைக்கு வண்டியில் வாழ்வதென்றால் என்னவென்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வேன். எந்த ஊரில் யார் வீட்டில் கக்கூஸுக்கு விடுவார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது. கடற்கரை, குன்று, பாலம் எல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான். ரங்கத்தில் ஒரு வங்காளி அம்மாள் இருந்தாள். எல்லாரும் போதி என்பார்கள், அவர்கள் பாஷையில் அண்ணி என்று அர்த்தம். அவள் வீட்டுக்குப் பின்பக்கம் தகரக் கதவு போட்ட கக்கூஸ். எப்போது போனாலும் ஒரு சொல் கேட்காமல் வாளியில் தண்ணீர் வைத்துவிடுவாள். ஒரே ஒருநாள் மட்டும் கேட்டாள். "தும்ஹாரா கர் நஹி ஹை க்யா?" உனக்கு வீடே இல்லையா?

"ஹை," என்றேன். "தீன் மன்ஸில் கா." மூணு மாடி வீடு என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரு மாடிதான். அடுத்தவள் கக்கூஸ் வாசலில் நின்றுகொண்டு இரண்டு மாடியைக் கூட்டிக் கட்டியவள் நான். வெட்கமில்லாத பொம்பளை என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். அவள் "அச்சா" என்று தலையாட்டிவிட்டு, போகும்போது கொஞ்சம் பச்சைமிளகாய் பறித்துக் கொடுத்தாள்.

அந்த நாட்களில் உதவி செய்கிறோம் என்று மெயின்லேண்டிலிருந்து வராத ஆள் இல்லை. எங்கு பார்த்தாலும் ஜீப், தொப்பி, கழுத்தில் அட்டை. உண்மையாக உழைத்தவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பங்குக்கு வந்து சேர்ந்தவர்கள் வேறு ரகம். மாயாபந்தர் பக்கம் ரோட்டோரம் நான் கஞ்சி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் நின்றது. ஒரு பெண் இறங்கி என்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு அழுகை வரத் தயாராக இருந்தது. கூட வந்தவன் கேமராவை எடுத்தான். நான் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டேன். "நோ ஸ்மைல், ஆன்ட்டி," என்றான். கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடச் சொன்னான். மூடினேன்! என்ன பைத்தியக்காரத்தனம், மூடினேன்.

அப்போது சாகுல் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். விஷயம் புரிந்ததும் குடத்தை வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த ஹிந்தியை எல்லாம் திரட்டி, "ஹம் பேகர் நஹி ஹை மேடம். ஹம் டூர் மே ஹை," என்றார். வீடில்லாதவர்கள் இல்லை, டூரில் இருக்கிறோமாம். பொத்தான் இல்லாத சட்டை, சேறு அப்பிய கால், டூர். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வி அண்டர்ஸ்டாண்ட்," என்று கண்ணைத் துடைத்தாள். போகும்போது ஒரு கம்பளி கொடுத்தார்கள். பனி பெய்கிற ஊர்க் கம்பளி. விசிறி இல்லாமல் வேகிற எங்கள் ஊரில் அதைப் போர்த்தினால் ஆள் செத்தே போவான். அவர் தொடமாட்டேன் என்றார். நான் மடித்துக் கட்டிலில் விரித்தேன். முதுகுக்கு நல்லா இருந்தது. வேண்டாம் என்று சொல்லக் கௌரவம் வேண்டும். எனக்கு அப்போது முதுகுவலிதான் இருந்தது.

நாலாவது வருஷம் மழையில் திக்லிபூரில் வண்டி வயல் சேற்றில் இறங்கிவிட்டது. அரைநாள் முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினார். அடுத்த வாரம் காய்ச்சல், கண் மஞ்சள், கெண்டைக்கால் வலியில் கத்தினார். எலிக்காய்ச்சல். போர்ட்பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ஈரமில்லாத வீட்டுல வெச்சுக்கங்க. வண்டி கிண்டின்னு போனா அடுத்த தடவை என்கிட்ட வராதீங்க."

இதற்குத்தானே காத்திருந்தேன். போர்ட்பிளேரிலேயே டாலிகஞ்சில் கீழ்த்தளத்தில் ஓர் அறை, சின்ன அடுப்படியோடு பிடித்தேன். காங்கிரீட் கூரை. வேண்டுமென்றே காங்கிரீட். தகரக் கூரை வீடு ஒன்றும் கிடைத்தது, வேண்டாமென்று விட்டேன். எலும்பும் தோலுமாக இருந்தவர் மறுத்துப் பேசவில்லை. அறை நடுவில் பாயில் படுத்து, நாளெல்லாம் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுவும் சிரிப்பு.

"அப்புடி என்னத்தப் பாக்குறீங்க? விழாது மச்சான். விழுந்தா நான் தாங்கிப் புடிச்சுக்கிறேன்."

"சரி புள்ள," என்பார்.

பத்து நாள் இருக்கும். வெயில் கொளுத்துகிற மத்தியானம். அடுப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பாத்திர அலமாரி கிலுகிலு என்றது. பூனை என்று நினைத்தேன். அப்புறம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில் தரை நகர்ந்தது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது ரோடு. எதிர்ச்சாரியில் மூன்றாவது வீட்டு வாசலில், கையில் செதில் ஒட்டிய கத்தியோடு நிற்கிறேன். அடுப்படிக்கும் தெருவாசலுக்கும் நடுவில்தான் அவர் படுத்திருந்த அறை. அவர் பாயை மிதித்துத் தாண்டித்தான் நான் ஓடியிருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அவரைப் பார்த்தது நினைவில்லை. தாண்டியது நினைவில்லை. நாலு வருஷம் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரூராக ஏலம் போட்ட வீராங்கனை, எழுந்து நிற்கத் தெம்பில்லாத மனிதனை விட்டுவிட்டு மூன்று வீடு தள்ளி நிற்கிறாள்.

திரும்பி ஓடினேனா என்று கேளுங்கள். இல்லை. கால் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

ஆட்டம் நின்று, தெருவில் ஜனங்கள் கூடி, கொஞ்ச நேரம் கழித்து வாசலில் அவர் தெரிந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று வந்தார். லுங்கி நழுவ நழுவ முழங்கையால் இடுக்கிக்கொண்டார். இன்னொரு கையில் என் செருப்பு ஜோடி. ரோட்டைத் தாண்டி வந்து என் காலடியில் போட்டார்.

"காலு சுடும் புள்ள. தார் ரோடு."

அவ்வளவுதான் சொன்னார். நான் விட்டுவிட்டு ஓடியதை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு உயிரோடு இருந்த ஒன்பது வருஷத்திலும் ஒருதடவை சொல்லிக் காட்டவில்லை. ஒரு வார்த்தை குத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் குத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியை எனக்கு அவர் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மீனைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தபோதுதான், சுனாமியன்று காலையில் நடந்ததை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். பூமி ஆடத் தொடங்கியபோது நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பயத்தில் தண்ணீர்த்தொட்டியைக் கட்டிக்கொண்டு கத்தினேன். தெருவில் நின்றிருந்தவர் வீட்டுக்குள் ஓடி, ஊஞ்சல் மாதிரி ஆடுகிற படிக்கட்டில் ஏறி வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாசலுக்கு வெளியே என்னை இறக்கி விட்ட பிறகுதான் அவருக்குக் கால் மடங்கியது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். நாலு வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் கதையைக் கால் மடங்கிய இடத்திலிருந்து தொடங்கியவள் நான்தான். அந்த வீடியோக்காரர்களைப் பொய்யர்கள் என்கிறேன். வேண்டியதை மட்டும் காட்டுகிற வித்தையை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவர் தேறியதும் வேனை விம்பர்லிகஞ்சில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர் கட்டிலைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கோழி ஏற்றினார். ரங்கத் போதி மகனோடு கல்கத்தாப் பக்கம் போய்விட்டாள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். வரவேற்பறைக்குள் காலை வைத்தால் ரூம் நம்பர் கேட்கிறான்.

போன மாதம் ஒரு நிக்காஹுக்காக மாயாபந்தர் போனேன். போகிற வழியில் உத்தராவில் இப்போது பாலம் வந்துவிட்டது. முன்பெல்லாம் அந்த இடத்தில் வண்டியையே படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். படகு வருவதற்கு ஒரு மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். கடலுக்குப் பயந்த மனிதர் அங்கே மட்டும் இறங்கிப் போய்த் தண்ணீர் ஓரத்தில் நிற்பார். அது ஓடைதான், கடல் இல்லை என்று அவருக்கு ஒரு கணக்கு. நான் வண்டி ஜன்னலிலிருந்து, "முதலை வருது மச்சான், ஓடியாங்க!" என்று கத்துவேன். வரிசையில் நிற்கிற லாரிக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி கேலி செய்கிறாளே என்று முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

டாக்ஸி பாலத்தில் ஏறியது. கொஞ்சம் நிறுத்து தம்பி, பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"பிரிட்ஜ் பே ரோக்னா மனா ஹை, ஆன்ட்டி," என்றான். பாலத்தில் நிறுத்தக் கூடாதாம். நான் ஜன்னலை இறக்குவதற்குள் அக்கரை வந்துவிட்டது.