அதுல எம்புட்டு மருந்து இருக்கும்?

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் போர்மேன்தான். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் நடுவில் வெறும் தரை கிடக்க வேண்டும். இதைப் பார்த்துக் கத்துவதுதான் என் வேலை. மருந்து என்றால் எங்களுக்கு வெடிமருந்து.

என் வீட்டுக்காரரும் முன்பு இங்கேதான் லோடு ஏற்றினார். இப்போது எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் அறை வேலை. சண்டை நடக்கிற ஒரு ஜலசந்தி வழியாக அவர் கப்பல் போகவேண்டி வந்தது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனிக்குள் போன் கூடாது. மத்தியானம் கேட்டுக்கு ஓடிவந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்த போனை வாங்கிப் பேசுவேன்.

"பயப்படாத. நாளையிலருந்து தொணைக்கு ஒரு போர்க்கப்பல் வருது," என்றார்.

"பெருசா?"

"நீளத்துல எங்க கப்பல்ல பாதிதான். எங்க கப்பல எம்புட்டு லோடு ஏத்தலாம்னு வச்சு அளப்பாக, லட்சம் டன். அது லோடா ஏத்துது? மெதக்கும்போது எம்புட்டுத் தண்ணிய ஒதுக்குதோ அதான் அதுக்குக் கணக்கு. நாலாயிரம் டன்னாம்."

"அதுல எம்புட்டு மருந்து இருக்கும்?"

"அத யாரு சொல்லுவா?"

"எம்புட்டு தள்ளி வரும்?"

"தொணைக்குன்னா பக்கத்துலதான வரணும்."

குண்டும் ஏவுகணையும் நிரப்பிய ஒன்றை எண்ணெய்க்குப் பக்கத்தில் விடுவார்களா? இங்கே நான் அப்படி இரண்டு அறை வைத்தால் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள்.

"தள்ளிப் போகச் சொல்லுங்க."

"நானா? கேப்டன்ட்டயா?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் போனேன். மாதாவே, அந்த மருந்துக் கப்பல் அவர் பக்கத்தில் வேண்டாம், எங்கேயாவது போகட்டும் என்று மூன்று நாள் முழங்காலில் நின்றேன்.

நாலாம் நாள் போனில் அவர் குரல் பதிவாகிக் கிடந்தது. "போர்க்கப்பல் போயிருச்சும்மா. வேற ஒரு கப்பல அடிச்சிட்டாகளாம், அங்கன போயிட்டாக. நாங்க தனியாத்தான் தாண்டுறோம். இனி நெட்டு இருக்காது. பிள்ளைகளப் பாத்துக்க."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று அவர் அதுவரை சொன்னதில்லை. வாட்ச்மேன் போனைக் கேட்டு நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாயால் நானே விரட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் அதே இடத்தில் மண்டியிட்டு, அது எவ்வளவு மருந்தோடும் வரட்டும், ஒட்டிக்கொண்டு வரட்டும் என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஓர் அறையில் தலைகளை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. மத்தியானம் கேட்டில் போன் அடித்தது.

"தாண்டியாச்சு."

"அது திரும்பி வந்துச்சா?"

"இல்ல. தனியாத்தான்."

கேட்டு ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். "அத விரட்டுனது நாந்தாங்க."

"அடிப்பாவி," என்றார். "அது பக்கத்துல வந்து நின்னப்ப, நானும் அதத்தான் வேண்டிக்கிட்டேன்."