நாய்க்கடி என்று சொன்ன ஊசி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசியை மகளுக்குத் திருப்பதியில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரதய்யபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா, ஆஸ்பத்திரிக்கா போய்ட்டு வரீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "பொண்ண நாய் கடிச்சிட்சி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கர்ப்பப்பை ஊசின்னு சொன்னா, இந்த வயசுல இன்னாத்துக்குன்னு கேப்பானுங்க. நாளைக்கு மாப்ள ஊட்ல போய் இல்லாததும் பொல்லாததும் சொல்லுவானுங்க" என்றார். மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தெரு விடுமா? கடித்தது எதிர்வீட்டு நாய்தான் என்று தெருக்காரர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அதைப் பிடித்துப்போக ஆள் அனுப்பும்படி பஞ்சாயத்து ஆபீசில் சொல்லியும் ஆயிற்று. மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கூட்டு நாயி கட்டிப்போட்ட எடத்துல கெடக்குது. அது எப்டிமே கடிக்கும்? ஒம்பொண்ணக் கூப்புடு. கடிச்ச எடத்தக் காட்டு!"

தெருவே கூடிவிட்டது. மகள் கதவுக்குப் பின்னால் பதுங்கினாள். வீட்டுக்காரர் சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார். என் அக்கா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் செத்தாள். கடைசிவரை ஊருக்கு அதை வயிற்றுவலி என்றே சொன்னோம். இப்போது என் மகளுக்கும் ஒரு பொய்யா? என்னால் அடக்க முடியவில்லை.

"நாயும் கடிக்கல, ஒரு மண்ணும் கடிக்கல! எங்கக்கா கர்ப்பப்பைல கேன்சர் வந்து செத்தா. எம்பொண்ணுக்கு அது வரக்கூடாதுன்னு ஊசி போட்டுக்கினு வந்தேன். போதுமா?"

போச்சு, இனி என் பெண்ணை என்னவெல்லாம் பேசப்போகிறார்களோ என்று கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரி கிட்டே வந்தாள். குரலை இறக்கிக்கொண்டு, "எம்பொண்ணுக்கும் ஒம்பொண்ணு வயசுதாம்மே. அந்த ஊசி எங்க போட்றாங்க?" என்று கேட்டாள்.

அப்பாடா! நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "நானே கூட்டிக்கினு போறேன்" என்றார்.

அவளையும் கூட்டத்தில் நின்றிருந்த அவள் மகளையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். அக்காவுக்கு என்ன வந்தது, எப்படித் துடித்தாள் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அழுகையும் வந்தது, நெஞ்சும் லேசானது. பெண்கள் இரண்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. எழுந்து வெளியே போங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.