தைத்துக் கொடுத்த பொத்தான்

சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தைக்கும்போது மட்டும் இன்றைக்கும் எனக்கு வேலை ஓடாது. இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளின் யூனிபாரம் சட்டைகள் என்னிடம் வரும். மற்றப் பொத்தான்களை யோசிக்காமல் தைத்துவிடுவேன். அதற்கு மட்டும் ஊசியில் நூல் கோக்கவே நேரமாகும்.

பல வருஷங்களுக்கு முன்னால், ஊருக்கே ஒரு டிவி இருந்தபோது, எங்கள் தண்டலத்துப் பஞ்சாயத்து டிவிப் பெட்டியின் சாவி ஓர் இளைஞரிடம் இருந்தது. டிவிக்காரர் என்றுதான் அவரை ஊரே கூப்பிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜப்பான் படம் ஓடியது. பள்ளிக்கூடம் முடிந்து பிரிகிற நாளில் ஒரு பையன் தன் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிய்த்து ஒரு பெண்ணின் உள்ளங்கையில் வைத்தான். அவள் கையை மூடிக்கொண்டாள். "இன்னாய்யா, சட்டைய பிச்சிக்கினு கீறான்?" என்று கூட்டம் சிரித்தது. கீழே ஓடிய இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்த டிவிக்காரர், "அது நெஞ்சாண்ட கீற பொத்தானாம். மனசுக்குப் புடிச்ச பொண்ணுக்குத்தான் குடுப்பாங்களாம்" என்றார். சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள், நான் வேலை செய்த மாதா கோயில் தையல் கூடத்துக்கு வந்தார். கூடத்தை நடத்திய சிஸ்டர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். "காலர் பிரிஞ்சிகீது" என்று மட்டும் சொல்லி, டிவிக்காரர் தன் சட்டையை வைத்துவிட்டுப் போனார். சட்டைமேல் தனியாக ஒரு வெள்ளைப் பொத்தான். விரித்துப் பார்த்தால் இரண்டாவது இடம் காலி. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வாய்விட்டுப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு ஏது? தெரிந்த வேலையாலேயே சொன்னேன். இரட்டை நூல் கோத்து, அதே இடத்தில் இறுக்கித் தைத்து, உள்பக்கம் சிவப்பு நூலில் முடிச்சுப் போட்டேன். உங்கள் நெஞ்சோடு நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

புதன்கிழமை வந்து பிரித்துப் பார்த்தவரின் முகம் சுண்டிப்போயிற்று.

"பொத்தானயும் தெச்சிட்டியா?"

"ஆமாங்க. இனிமே அறுவாது."

"செரி."

அடுத்த மாதமே அம்பத்தூரில் வேலை என்று போய்விட்டார். தை மாதம் அங்கேயே கல்யாணம். அவருக்கு உறவான என் கூட்டாளி ஒருநாள், "ஏண்டி, ஆசையா குடுத்தத மூஞ்சில அடிச்சாப்ல திருப்பிக் குடுத்துட்டியாமே?" என்றாள். அப்போதுதான் விளங்கியது. அந்த ஜப்பான் பெண்ணைப் போல் கையை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்கு அது தெரியவில்லை.

இப்போது ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற கார்களில் ஜப்பான்காரர்களே போகிறார்கள். யாரையாவது நிறுத்தி, தைத்துக் கொடுத்தால் உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றும். அதற்குள் கார் போய்விடும். நேற்றும் ஒரு யூனிபாரம் வந்தது, இரண்டாவது பொத்தான் இல்லாமல். தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். டிவிக்காரர் தன் சட்டையை ஒருநாளாவது உள்பக்கம் திருப்பி, அந்தச் சிவப்பு முடிச்சைப் பார்த்திருப்பாரா?